டிஸ்னி வேர்ல்டுக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? வில்லா எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோ பக்கம் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் டிக்கெட்டிலிருந்துதான் திட்டத்தைத் தொடங்குவார்கள். எந்தப் பூங்காவுக்கு எத்தனை நாள், எந்த ரைடுக்கு என்ன உயரம் வேண்டும் என்று ஒரு வாரம் ஓடிவிடும். தங்குமிடம் கடைசியில் அவசரமாக முடிவாகும். நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். பிற்பகல் இரண்டு மணி வெயிலில் குழந்தை களைத்து அழும்போது அறைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும், திரும்பியதும் மற்றவர்கள் உட்கார இடம் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் அந்த நாள் நன்றாகப் போனதா இல்லையா என்பது தெரியும்.

அங்கே நான்கு தீம் பார்க்குகள் இருக்கின்றன: மேஜிக் கிங்டம் (1971), எப்காட் (1982), ஹாலிவுட் ஸ்டூடியோஸ் (1989), அனிமல் கிங்டம் (1998). எல்லாம் ஏறத்தாழ 25,000 ஏக்கர் நிலத்தில் சிதறிக் கிடக்கின்றன. அதனால் "டிஸ்னிக்குள்ளேயே தங்குகிறோம்" என்பதால் மட்டும் பக்கத்தில் தங்குகிறோம் என்று அர்த்தமாகாது.

அந்த நிலத்துக்குள் டிஸ்னியே நடத்தும் விடுதிகளில் ஒரு வகைதான் 'டீலக்ஸ் வில்லா'. இவை டிஸ்னி வெக்கேஷன் கிளப் என்ற உறுப்பினர் திட்டத்தின் கட்டடங்கள். சுருக்கமாக டிவிசி என்பார்கள். 1991இல் ஓல்ட் கீ வெஸ்ட் என்ற விடுதியோடு தொடங்கிய திட்டம் இது. உறுப்பினராக இல்லாதவர்களும் இந்த வில்லாக்களில் தங்கலாம். எப்படி என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் படி: யார் எங்கே தூங்குவார்கள்?

ஒரு தாளில் எல்லோர் பெயரையும் எழுதுங்கள். பக்கத்தில் அவர்கள் எத்தனை மணிக்குத் தூங்குவார்கள், யாரோடு படுப்பார்கள், இரவில் எழுந்திருப்பார்களா என்று குறியுங்கள். வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் எந்த அளவு வில்லா வேண்டும் என்பதை இந்தத் தாளே சொல்லிவிடும்.

வில்லாக்கள் பொதுவாக நான்கு அளவுகளில் வரும். ஸ்டூடியோவில் நான்கு பேர், சில விடுதிகளில் ஐந்து பேர் தங்கலாம். ஒரு படுக்கையறை வில்லாவில் நான்கு அல்லது ஐந்து பேர். இரண்டு படுக்கையறை என்றால் எட்டு அல்லது ஒன்பது பேர். மூன்று படுக்கையறை கொண்டதை 'கிராண்ட் வில்லா' என்கிறார்கள், பன்னிரண்டு பேர் வரை. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை தொட்டிலில் படுத்தால் இந்தக் கணக்கில் சேராது.

இங்கேதான் புதிதாக வருபவர்கள் ஏமாறுவார்கள். ஸ்டூடியோவும் 'வில்லா' என்ற பெயரில்தான் விற்கப்படுகிறது. ஆனால் உள்ளே போனால் அது ஒரு ஹோட்டல் அறைதான். சின்ன ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ், காபி மேக்கர், ஒரு சிங்க். அவ்வளவே. அடுப்பு கிடையாது, வாஷிங் மெஷின் அறைக்குள் கிடையாது. முக்கியமாக, நடுவில் கதவு கிடையாது. எட்டு மணிக்குக் குழந்தை தூங்கினால் எட்டு மணிக்கே விளக்கணைத்துவிட்டு எல்லோரும் இருட்டில் போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

உண்மையான மாற்றம் ஒரு படுக்கையறை வில்லாவில்தான் வருகிறது. தனிப் படுக்கையறை, மூடக் கூடிய கதவு, கூடம், அடுப்பும் ஓவனும் பெரிய ஃபிரிட்ஜும் பாத்திரங்களும் உள்ள முழுச் சமையலறை, வாஷிங் மெஷின், டிரையர் எல்லாம் இருக்கும். விலையும் அதற்கேற்ப, ஸ்டூடியோவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் பல விடுதிகளில் ஆள் கணக்கு இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். கூடுதல் பணம் கூடுதல் ஆளுக்கு அல்ல, அந்தக் கதவுக்கும் சமையலறைக்கும்தான். கைக்குழந்தையோ பகலில் தூங்கும் குழந்தையோ இருந்தால் நான் யோசிக்காமல் கொடுப்பேன். பத்து வயதைத் தாண்டிய இரண்டு பிள்ளைகளோடு, காலையில் கிளம்பி இரவில் திரும்பும் குடும்பம் என்றால் ஸ்டூடியோவே போதும். மிச்சப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம்.

ஆள் எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம். "ஐந்து பேர்" என்று போட்டிருக்கும் ஸ்டூடியோவில் ஐந்தாவது படுக்கை பல இடங்களில் டிவிக்குக் கீழே சுவரிலிருந்து மடக்கி இறக்கும் சின்னக் கட்டில். சிறு பிள்ளை படுக்கலாம், வளர்ந்தவர் காலை நீட்ட முடியாது. ஒரு படுக்கையறை வில்லாவில் மீதிப்பேர் கூடத்தில், சோபா கட்டிலிலோ சுவரிலிருந்து இறங்கும் கட்டிலிலோ படுப்பார்கள். முதுகுவலி உள்ள பெரியவரை அங்கே படுக்கவைப்பதற்கு முன் யோசியுங்கள். இன்னொன்று, ரிவியேரா என்ற விடுதியில் 'டவர் ஸ்டூடியோ', பாலினேசியன் என்ற விடுதியில் 'டூவோ ஸ்டூடியோ' என்று இருப்பவை இரண்டு பேருக்கு மட்டும். விலை குறைவாக இருக்கிறதே என்று குடும்பத்துக்கு எடுத்துவிடாதீர்கள்.

தாத்தா பாட்டியும் வருகிறார்கள் என்றால் இரண்டு படுக்கையறை வில்லாதான் சரி. அதிலும் இரண்டு வகை உண்டு. 'லாக்-ஆஃப்' என்பது ஒரு படுக்கையறை வில்லாவையும் ஒரு ஸ்டூடியோவையும் உட்கதவால் இணைத்தது. ஸ்டூடியோ பக்கத்துக்குத் தனி வாசல், தனிக் காபி மேக்கர், தனி ஃபிரிட்ஜ். 'டெடிகேட்டட்' என்பது இரண்டு படுக்கையறைக்கென்றே கட்டியது. இரண்டாவது அறையில் பெரும்பாலும் இரண்டு நல்ல கட்டில்கள் இருக்கும், வெளிவாசல் ஒன்றுதான். காலை நாலரைக்கு எழுந்து காபி போட்டுக் குடிக்கும் பெரியவர்களுக்கு லாக்-ஆஃப் வசதி. இரண்டாவது அறை பிள்ளைகளுக்கு என்றால் டெடிகேட்டட் நல்லது, ஏனென்றால் அவர்கள் தாமாகக் கதவைத் திறந்து வெளியே போய்விடும் பயம் குறைவு.

கழிவறைகளையும் எண்ணுங்கள். ஐந்து பேர், ஒரே கழிவறை, காலை ஏழு மணிக்குள் கிளம்ப வேண்டும் என்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பே லேக் டவர், கிடானி வில்லேஜ் என்ற விடுதிகளில் ஒரு படுக்கையறை வில்லாவுக்கே இரண்டு குளியலறைகள், இரண்டு படுக்கையறைக்கு மூன்று. வேறு பல விடுதிகளில் ஒவ்வொன்று குறைவு. வரைபடத்தை, அதாவது வில்லாவின் உள்ளமைப்புப் படத்தைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இரண்டாவது படி: எந்தப் பூங்காவில் அதிக நாள்?

ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் மேஜிக் கிங்டமில்தான் அதிக நேரம் இருப்பார்கள். பெரிய பிள்ளைகளுக்கு ஹாலிவுட் ஸ்டூடியோஸ் பிடிக்கும். எப்காட் மாலையில் நடந்து, சாப்பிட்டு, வேடிக்கை பார்க்க ஏற்றது. எது உங்களுடையது என்று தெரிந்தால் விடுதிகளில் பாதி தானாகவே பட்டியலிலிருந்து போய்விடும்.

மேஜிக் கிங்டம் என்றால் பே லேக் டவர், பாலினேசியன், கிராண்ட் ஃப்ளோரிடியன். மூன்றுக்கும் மோனோரயில் உண்டு. பே லேக் டவரிலிருந்து வாசலுக்குப் பத்து நிமிடத்தில் நடந்தே போய்விடலாம். மற்ற இரண்டிலிருந்தும் நடைபாதை இருக்கிறது, கொஞ்சம் தூரம் கூடுதல். வில்டர்னெஸ் லாட்ஜை ஒட்டிய போல்டர் ரிட்ஜ், காப்பர் கிரீக் வில்லாக்களிலிருந்து படகில் போகலாம்.

எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ் என்றால் போர்ட்வாக், பீச் கிளப், ரிவியேரா. முதல் இரண்டிலிருந்தும் எப்காட்டின் பின்வாசலுக்கு நடந்து போகலாம். இரண்டு பூங்காவுக்கும் படகும் ஓடுகிறது. ரிவியேராவுக்கு 2019 செப்டம்பரில் திறந்த ஸ்கைலைனர் என்ற கம்பிவடக் கேபின்கள் வருகின்றன.

அனிமல் கிங்டமுக்கு நடந்து போகும் தூரத்தில் எந்த விடுதியும் இல்லை. பேர் ஒன்றாக இருக்கும் அனிமல் கிங்டம் லாட்ஜிலிருந்துகூடப் பேருந்துதான்.

ஸ்ட்ரோலர் கொண்டுபோகிறவர்களுக்கு இந்தப் போக்குவரத்து விஷயம் இன்னும் முக்கியம். பேருந்தில் பொதுவாக ஸ்ட்ரோலரை மடக்கச் சொல்வார்கள். வாணவேடிக்கை முடிந்து தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பையை ஒரு கையிலும் மடக்கிய ஸ்ட்ரோலரை இன்னொரு கையிலும் பிடித்து வரிசையில் நிற்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மோனோரயிலிலும் ஸ்கைலைனரிலும் சாதாரண ஒற்றை ஸ்ட்ரோலரை அப்படியே தள்ளிக்கொண்டு ஏறலாம். நடந்து போகும் தூரம் என்றால் கேள்வியே இல்லை. நான் ஒரே ஒரு விஷயத்துக்கு அதிகப் பணம் கொடுப்பேன் என்றால் அது நடைதூரம்தான், ஜன்னல் காட்சி அல்ல.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஃப்ளோரிடாவில் கோடைப் பிற்பகல்களில் இடியோடு மழை சாதாரணம். மின்னல் வந்தால் ஸ்கைலைனர் நிற்கும், நீச்சல் குளத்தை மூடுவார்கள், படகும் நிற்கலாம். அப்போது மாற்றுவழியாகப் பேருந்து வரும்.

மூன்றாவது படி: சமைப்பீர்களா, உண்மையாகச் சொல்லுங்கள்

சமையலறை இருக்கிறது என்பதற்காக ஒரு படுக்கையறை எடுத்துவிட்டு, ஒரு நாள்கூட அடுப்பைப் பற்றவைக்காமல் திரும்புபவர்கள் ஏராளம். காலை முதல் இரவு வரை நடந்துவிட்டு வந்து யார் வெங்காயம் நறுக்குவது? ஆகவே மூன்று வேளையும் சமைத்து மிச்சம் பிடிப்போம் என்ற கணக்கை மறந்துவிடுங்கள். நடக்கக்கூடிய கணக்கு இதுதான்: காலைச் சாப்பாடு எப்போதும் அறையில், இரவுச் சாப்பாடு வாரத்தில் இரண்டு மூன்று நாள் அறையில், மதியம் பூங்காவில். வெறும் காலைச் சாப்பாடு மட்டும் என்றால் ஸ்டூடியோவின் மைக்ரோவேவே போதுமானது. சைவம் மட்டும் சாப்பிடும் பெரியவர்களோ அலர்ஜி உள்ள பிள்ளையோ இருந்தால் கணக்கு மாறும், அப்போது முழுச் சமையலறை ஆடம்பரம் இல்லை.

மளிகையை ஆன்லைனில் ஆர்டர் செய்து விடுதிக்கே வரவைக்கலாம். நீங்கள் அறையில் இல்லாவிட்டால் பெல் சர்வீஸ், அதாவது பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஊழியர்கள், வாங்கி வைத்திருப்பார்கள், ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியதையும் வைப்பார்கள். அதற்குச் சிறு கட்டணம் உண்டு. சமையலறையில் வாணலி, பானை, தட்டு, கத்தி எல்லாம் இருக்கும். பிரஷர் குக்கரும் மசாலாப் பொருட்களும் இருக்காது.

சமையலறையை விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வாஷிங் மெஷின். ஒரு வாரப் பயணத்துக்கு மூன்று நாள் உடை எடுத்துப் போனால் போதும். வியர்வை, மழை, ஐஸ்கிரீம், நீச்சல் உடை என்று தினமும் இரண்டு முறை மாற்றும் பிள்ளைகள் இருந்தால் இதன் அருமை புரியும். ஸ்டூடியோவில் தங்கினாலும் விடுதிக்குப் பொதுவான சலவை அறை இருக்கும், அங்கே போய்த் துவைக்கலாம். என்ன, கூடையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

நான்காவது படி: விடுதிகளை ஒவ்வொன்றாக

அதே ஓல்ட் கீ வெஸ்ட்தான் இடவசதியில் முதலில் வரும். ஒரு படுக்கையறை 942 சதுர அடி, இரண்டு படுக்கையறை 1,333 சதுர அடி. மற்ற பல இடங்களில் ஒரு படுக்கையறையே 700, 800 சதுர அடிக்குள் முடிந்துவிடும். விலையும் ஒப்பிடும்போது குறைவு. ஆனால் பரந்து விரிந்த இடம், உள்ளேயே பல பேருந்து நிறுத்தங்கள், பெரும்பாலான கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது. 62, 63, 64 ஆகிய மூன்று கட்டடங்களில் மட்டும் உண்டு. முட்டிவலி உள்ளவர் வந்தால் இதைக் கேட்டு உறுதி செய்யாமல் போகக் கூடாது. சொந்தக் காரோ வாடகைக் காரோ இருந்தால் எனக்குப் பிடித்த இடம் இது.

சரட்டோகா ஸ்பிரிங்ஸும் அதேபோல் விரிந்தது. டிஸ்னி ஸ்பிரிங்ஸ் என்ற கடைத்தெருவுக்கு நடந்தோ படகிலோ போகலாம். இங்கே 'ட்ரீஹவுஸ்' வில்லாக்கள் உண்டு. தூண்கள்மேல் நிற்கும் மூன்று படுக்கையறை வீடு, ஒன்பது பேர் தங்கலாம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் வாசலுக்கே படியேற வேண்டும், பூங்காவுக்குப் போக நேரமும் அதிகம்.

அனிமல் கிங்டம் லாட்ஜில் ஜம்போ ஹவுஸ், கிடானி வில்லேஜ் என்று இரண்டு பகுதிகள். 'சவானா' காட்சி அறை எடுத்தால் பால்கனியிலிருந்தே ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேய்வதைப் பார்க்கலாம். ஜன்னல் காட்சிக்குப் பணம் கொடுக்காதீர்கள் என்று சொன்னேன் அல்லவா, அதற்கு ஒரே விதிவிலக்கு இது. இங்கே காட்சிதான் விடுதியே. ஒரு நாள் முழுக்கப் பூங்காவுக்குப் போகாமல் பால்கனியில் உட்கார்ந்திருக்கத் தயாராக இருந்தால் எடுங்கள். தினமும் மேஜிக் கிங்டம் போகும் திட்டம் என்றால் வேண்டாம், பேருந்துப் பயணமே நேரத்தைத் தின்றுவிடும். கிடானியில் இருக்கும் சனா உணவகம் ஆப்பிரிக்க, இந்தியச் சுவை கலந்தது. பலவகை ரொட்டிகளும் சட்னிகளும் சேர்ந்த தட்டு அங்கே பிரபலம். அங்கே தங்காவிட்டாலும் ஒரு மதியம் போய்ச் சாப்பிடலாம்.

பீச் கிளப்பின் பலம் அதன் நீச்சல் குளம். மூன்று ஏக்கர் பரப்பில், அடியில் மணல் பரப்பிய குளம், வளைந்து ஓடும் நீர், சறுக்கு எல்லாம் உண்டு. பிள்ளைகள் பூங்காவை மறந்து அங்கேயே கிடப்பார்கள். அந்தக் குளம் அங்கேயும் ஒட்டியிருக்கும் யாட் கிளப்பிலும் தங்குகிறவர்களுக்கு மட்டும்தான்.

பே லேக் டவரும் ரிவியேராவும் சாதாரண உயரக் கட்டடங்கள், லிஃப்ட், குறைந்த நடை. கைக்குழந்தையோ பெரியவர்களோ இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இவைதான். பாலினேசியனில் 2024 டிசம்பரில் ஐலண்ட் டவர் திறந்ததிலிருந்து ஒரு படுக்கையறை, இரண்டு படுக்கையறை வில்லாக்களும் அங்கே கிடைக்கின்றன. அதற்கு முன் ஸ்டூடியோக்களும் தண்ணீர்மேல் கட்டிய பங்களாக்களும்தான். அந்தப் பங்களாக்கள் படத்தில் அழகு, விலையைக் கேட்டால் தலைசுற்றும். ஃபோர்ட் வில்டர்னெஸில் ஆறு பேர் தங்கும் மரக் கேபின்கள் 2024 முதல் இதே திட்டத்தில் சேர்ந்திருக்கின்றன. காட்டுக்குள் இருப்பது பிடித்தவர்களுக்கு அது.

ஐந்தாவது படி: எப்படிப் பணம் கட்டுவது

ஒரே வில்லாவை இரண்டு விலையில் வாங்கலாம் என்பது புதியவர்கள் பலருக்குத் தெரிவதில்லை.

ஒன்று, டிஸ்னியிடம் நேரடியாகப் பணம் கட்டுவது. விலை அதிகம், அதன்மேல் ஆரஞ்சு கவுண்டியில் 12.5 சதவீத வரியும் சேரும். ஆனால் அறை மட்டும் புக் செய்திருந்தால், வருகைக்குச் சில நாட்களுக்கு முன்வரை ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறலாம். அவ்வப்போது தள்ளுபடியும் வரும்.

இரண்டாவது, டிவிசி உறுப்பினரின் புள்ளிகளை வாடகைக்கு எடுப்பது. உறுப்பினர்கள் ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு புள்ளிகள் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு இரவுக்கும் ஒவ்வொரு அறைக்கும் இத்தனை புள்ளி என்று டிஸ்னி முன்கூட்டியே அட்டவணை வெளியிடும். பயன்படுத்தாத புள்ளிகளை உறுப்பினர்கள் நேரடியாகவோ தரகு நிறுவனம் மூலமாகவோ மற்றவர்களுக்குத் தருவார்கள். ஒரு புள்ளி ஏறத்தாழ 20 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கேட்கும் ஸ்டூடியோவுக்கு இரவுக்கு 15 புள்ளி என்றால் 300 டாலர். அதே விடுதியில் ஒரு படுக்கையறைக்கு 30 புள்ளி என்றால் 600 டாலர். டிஸ்னியின் நேரடி விலையோடு வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் கணிசமாகக் குறைவாக வரும்.

இதற்கு விலை வேறு விதத்தில் உண்டு. கட்டிய பணம் பொதுவாகத் திரும்பாது. தேதி மாற்றுவதும் கடினம். குழந்தைக்குக் காய்ச்சல், விசா தாமதம், புயல் எது வந்தாலும் நஷ்டம் உங்களுடையதாகலாம், ஆகவே பயணக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. செப்டம்பரில் விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அப்புறம், புள்ளிகளில் தங்கும்போது தினசரி அறை சுத்தம் கிடையாது. ஒரு வாரம் வரை என்றால் நான்காம் நாள் வந்து குப்பை எடுத்து, துண்டு மாற்றித் தருவார்கள்.

எப்போது புக் செய்வது? உறுப்பினர் தன் சொந்த விடுதிக்கு 11 மாதம் முன்பே பதிவு செய்யலாம், மற்ற விடுதிகளுக்கு 7 மாதம் முன்பு. பீச் கிளப், போர்ட்வாக் போன்ற சின்ன இடங்கள், டிசம்பர் கடைசி வாரம், ஈஸ்டர் விடுமுறை எல்லாம் 11 மாத வாசலிலேயே தீர்ந்துபோகும். ஆகவே வாடகைக்குத் தருபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "உங்கள் சொந்த விடுதி எது?" சரட்டோகாவோ ஓல்ட் கீ வெஸ்ட்டோ என்றால் 7 மாதத்திலும் பெரும்பாலும் கிடைக்கும்.

பதிவு உங்கள் பெயரில் நடந்து, உறுதி எண் கைக்கு வர வேண்டும். அதை டிஸ்னியின் செயலியில் உங்கள் கணக்கோடு இணைத்துப் பாருங்கள், அறை வகையும் தேதியும் ஆள் எண்ணிக்கையும் சரியாக வருகிறதா என்று. அதற்கு முன் முழுப் பணத்தையும் அனுப்பிவிடாதீர்கள். முன்பின் தெரியாதவரிடம் நேரடியாக எடுப்பதைவிட, பெயரெடுத்த தரகர் மூலம், கிரெடிட் கார்டில் கட்டுவது பாதுகாப்பு. கொஞ்சம் கூடுதலாகும், ஆகட்டும்.

அங்கே போனதும் "நீங்களே உறுப்பினராகலாமே" என்று சாவடிகளில் அழைப்பார்கள். முதல் பயணத்தில் எதையும் வாங்க வேண்டாம். அது பல பத்தாண்டு ஒப்பந்தம். ஓல்ட் கீ வெஸ்ட்டின் பல ஒப்பந்தங்கள் 2042 வரையும், ரிவியேராவின் ஒப்பந்தம் 2070 வரையும் ஓடுகின்றன. ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் தனி, அது ஏறிக்கொண்டே போகும். உணர்ச்சிவசப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டால், ஃப்ளோரிடா சட்டப்படி 10 நாளுக்குள் எழுத்துமூலம் ரத்து செய்யலாம்.

ஆறாவது படி: வெளியே வீடெடுப்பதையும் ஒருமுறை கணக்குப் பாருங்கள்

பத்துப் பேருக்கு மேல் என்றால் கிஸ்ஸிம்மி, டேவன்போர்ட் பகுதிகளில் இருக்கும் விடுமுறை வீடுகள் கவர்ச்சியாகத் தெரியும். ஐந்து படுக்கையறை, சொந்த நீச்சல் குளம், டிஸ்னியின் இரண்டு படுக்கையறை விலையைவிடக் குறைவு. உண்மைதான். ஆனால் இழப்பதையும் எழுதி வைத்துப் பாருங்கள்.

டிஸ்னி விடுதியில் தங்குபவர்கள் தினமும் எந்தப் பூங்காவிலும் மற்றவர்களுக்கு 30 நிமிடம் முன்பே நுழையலாம். டீலக்ஸ், டீலக்ஸ் வில்லா விருந்தினர்களுக்குக் குறிப்பிட்ட சில இரவுகளில் குறிப்பிட்ட பூங்காக்களில் கூடுதலாக 2 மணி நேரம் கிடைக்கும். வரிசையைக் குறைக்கும் லைட்னிங் லேன் வாங்க டிஸ்னி விடுதியில் தங்குபவர்கள் எல்லோருக்கும் 7 நாள் முன்பே வாசல் திறக்கும், வெளியே தங்குபவர்களுக்கு 3 நாள். புகழ்பெற்ற ரைடுகளில் இந்த நான்கு நாள் வித்தியாசம் பெரிது.

பூங்காவில் கார் நிறுத்தும் கட்டணம் விடுதி விருந்தினர்களுக்கு இல்லை, உங்களுக்கு உண்டு. மேஜிக் கிங்டமுக்குக் காரில் வருபவர்கள் வாசலில் இறங்கவும் முடியாது. தூரத்தில் இருக்கும் போக்குவரத்து மையத்தில் நிறுத்தி, அங்கிருந்து மோனோரயிலோ படகோ பிடித்துத்தான் போக வேண்டும். "டிஸ்னிக்குப் பத்து நிமிடம்" என்று விளம்பரம் சொன்னால் எந்த வாசலுக்கு என்று கேளுங்கள். வரைபடச் செயலியில் வார நாள் காலை எட்டு மணிக்கு ஐ-4 நெடுஞ்சாலை வழியாக எவ்வளவு ஆகிறது என்று போட்டுப் பாருங்கள். பிற்பகல் தூக்கத்துக்கு வீடு திரும்பும் திட்டம் இதில் கிட்டத்தட்ட நடக்காது.

குளம் இருக்கும் வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் தடுப்புவேலி இருக்கிறதா, கதவுகளில் அலாரம் வேலை செய்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குளிர்காலத்தில் குளத்து நீரைச் சூடாக்கத் தனிக் கட்டணம் கேட்பார்கள். சுத்தம் செய்யும் கட்டணம், சமூகக் கட்டணம் என்று பட்டியல் நீளும். 2025 மே முதல் அமெரிக்காவில் குறுகியகாலத் தங்குமிடங்கள் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்தே விலை காட்ட வேண்டும் என்ற விதி இருக்கிறது. இருந்தாலும் வரியும் விருப்பக் கட்டணங்களும் கடைசிப் பக்கத்தில் சேரும், அந்தத் தொகையை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். முன்பதிவு இணையதளத்துக்கு வெளியே பணம் அனுப்பச் சொன்னால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

போனெட் கிரீக் பகுதியில் டிஸ்னி நிலத்தால் சூழப்பட்டு, பல படுக்கையறை வில்லாக்கள் கொண்ட வேறு நிறுவன விடுதி இருக்கிறது. தூரம் குறைவு, இடமும் தாராளம். வெளியே தங்குவதென்றால் நடுவழியாக இதைச் சொல்வேன். வரைபடத்தில் டிஸ்னிக்குள் இருப்பதுபோல் தெரிந்தாலும் டிஸ்னியின் சொந்த விடுதி அல்ல என்பதால், எந்தச் சலுகை உண்டு, எது இல்லை என்று முன்பே கேட்டுவிடுங்கள். ஆர்லாண்டோவிலேயே இருக்கும் வேறு நிறுவனமான யுனிவர்சலின் பூங்காக்களுக்கும் சில நாள் போவதாக இருந்தால் வெளியே தங்குவதன் பக்கம் தராசு சாயும். டிஸ்னியின் பேருந்துகள் யுனிவர்சலுக்குப் போகாது, எப்படியும் கார் வேண்டும்.

பதிவுக்குப் பிறகு

டிஸ்னிக்குள் தங்குபவர்கள் உணவகங்களுக்கு வருகை நாளிலிருந்து 60 நாள் முன்பே, 10 நாள் வரையிலான தங்கலுக்கு மொத்தமாகப் பதிவு செய்யலாம். ஆன்லைன் செக்-இன் செய்யும்போது அறை பற்றிய வேண்டுகோள் வைக்க இடம் இருக்கும். ஒன்று அல்லது இரண்டு மட்டும் கேளுங்கள்: "லிஃப்டுக்கு அருகில்", "பேருந்து நிறுத்தத்துக்கு அருகில்". பத்து வேண்டுகோள் வைத்தால் எது முக்கியம் என்று யாருக்கும் தெரியாது. உத்தரவாதமும் இல்லை.

ஆர்லாண்டோ விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு டிஸ்னி ஓட்டிய இலவசப் பேருந்து 2022 ஜனவரியோடு நின்றுவிட்டது. பழைய குறிப்புகளை நம்பி இறங்காதீர்கள். கட்டணப் பேருந்தோ டாக்சியோ முன்பே ஏற்பாடு செய்யுங்கள், குழந்தை இருக்கை வேண்டுமென்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வில்லாக்களில் அறை கிடைக்கும் நேரம் மாலை 4 மணி, சாதாரண விடுதிகளைவிட ஒரு மணி தாமதம். காலி செய்வது காலை 11. காலையிலேயே வந்து சேர்ந்தால் பெட்டிகளைப் பெல் சர்வீஸில் கொடுத்துவிட்டுக் குளத்துக்குப் போகலாம். நீச்சல் உடை, மருந்து, மாற்றுத்துணி மட்டும் ஒரு சின்னப் பையில் தனியாக இருக்கட்டும். அறை எண் போனுக்கு வரும்.

உள்ளே போனதும் பெட்டியைத் திறப்பதற்கு முன் சுவர்க் கட்டிலை ஒருமுறை இறக்கிப் பாருங்கள், வாஷிங் மெஷினை ஓடவிட்டுப் பாருங்கள். சலவைத்தூள் முதல் தடவைக்குக் கொஞ்சம் வைத்திருப்பார்கள், அதற்குமேல் நீங்கள்தான் வாங்க வேண்டும். மடக்கும் தொட்டில் பெரும்பாலும் அலமாரிக்குள்ளேயே இருக்கும். இல்லையென்றால் வரவேற்பறைக்கு ஒரு போன் போட்டால் கொண்டுவந்து தருவார்கள்.